திருத்தங்களின் வரலாறு

...சுற்றட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளட்டும், காலை நேரத்தில் இந்தக் கட்டடத்துக்குள் நெட் ஒழுங்காக வந்த நாள் எது, என்று நினைத்துக்கொண்டே பாரதி மடியிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். லேப்டாப் திரையின் நடுவில் நீல வளையம் தன் வாலைத் தானே துரத்தும் நாய்க்குட்டிபோல் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ்த்துறைத் தலைவர் சுப்புராயன் ஐயா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோபமாக இருந்தால்கூடத் தேவலை, கோபக்காரரிடம் வாயாடிவிடலாம், இவர் வருத்தமாக அல்லவா இருக்கிறார், வருத்தத்தில் இருக்கிறவரிடம் எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது... "வரலன்னா வுட்டுடுங்கம்மா, நாங்களே கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறோம்னு ஒரு மெயில் போட்டுட்றேன், பிரச்சன இல்லாம போய்டும், அந்தப் பொண்ணு பேரும் வெளில வராது" என்றார். குரலில் கடுமை இல்லை, அதுதான் குத்தியது. வாபஸா, எதை வாபஸ் வாங்குவது, இந்தக் கல்லூரியிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போன ஒரே கட்டுரையை, தன் மாணவி தனுஷா இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியதை, திருடிய பொருளைக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதுபோல் திரும்ப எடுத்துக்கொள்வதா... "அஞ்சு நிமிஷம் ஐயா, வந்துடும்" என்றாள் பாரதி. எந்தத் தைரியத்தில் ஐந்து நிமிடம் என்று சொன்னோம், அந்த வளையம் என்ன தன் மாமன் மகனா, சொன்ன சொல் கேட்பதற்கு?

மேசைமேல் கிடந்தது அந்தக் கடிதம், போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து மின்னஞ்சலில் வந்ததை அவர் அச்செடுத்து வைத்திருந்தார், சிவப்பு மையால் ஓர் இடத்தில் கோடு வேறு போட்டிருந்தார். தங்கள் கல்லூரியின் மூன்றாமாண்டு தமிழ் இலக்கிய மாணவி ஆ. தனுஷா அனுப்பியுள்ள 'கைரேகைப் பாறை' என்னும் கட்டுரை, எங்களது சோதனை மென்பொருளின்படி, எண்பத்து நான்கு விழுக்காடு இயந்திரத்தால் எழுதப்பட்டதாகத் தெரியவருகிறது, இன்று நண்பகல் பன்னிரண்டுக்குள் துறையின் விளக்கம் கிடைக்காவிடில்... எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று இல்லை, எண்பத்து ஐந்து இல்லை, என்ன ஒரு துல்லியம், மீதிப் பதினாறு விழுக்காட்டைத்தான் அந்தப் பெண் எழுதினாளாம், எந்தப் பதினாறு என்று அதற்குத் தெரியுமா, எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியுமா? ஆனால் சுப்புராயன் ஐயாவைக் குறை சொல்லவும் முடியவில்லை, போன வருடம் ஆறு பேர் மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரே கட்டுரையைக் கொடுத்தார்களே, ஆறிலும் கடைசி வரி 'நாம் அனைவரும் கைகோத்து ஒளிமயமான நாளையை நோக்கிப் பயணிப்போம்', அதைப் படித்துவிட்டு அவர் தாளை மேசையில் வைத்து, எங்கம்மா பயணிக்கிறீங்க எல்லாரும் ஒரே பஸ்ஸுலன்னு கேட்டாரே, அன்றைக்கு அவர் முகமும் இப்படித்தான் இருந்தது. வெளியே வராந்தா பெஞ்சில் தனுஷா உட்கார்ந்திருப்பாள், முழங்கால்மேல் பையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். காலையில் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை, "நான்தான் மேடம் எழுதனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை... ஏன் இரண்டாவது தடவை சொல்லவில்லை, உண்மையாக எழுதினவள் பத்துத் தடவை சொல்லமாட்டாளா, என்று அந்த நொடியில் மனதுக்குள் ஒன்று நெளிந்ததே, அதை நினைத்தால் இப்போதும் பாரதிக்குக் காதோரம் சுட்டது. ஒரு நொடிதான், ஆனாலும் நெளிந்தது நெளிந்ததுதான். அந்த நெளிவை நசுக்கத்தானே வேகமாக வாயைத் திறந்து, ஐயா, எடிட் ஹிஸ்டரிய தொறந்து காட்டறேன், அவ எழுதின ஒவ்வொரு எழுத்தும் தேதியோட நேரத்தோட அதுல இருக்கும்னு சொன்னது. சொல்லிவிட்டாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளே இதுவரை முழுசாகத் திறந்து பார்த்ததில்லை.

அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு டாக்குமெண்ட், எதையென்று திறந்து பார்ப்பது... மூன்று வருடத்துக்கு முன்னால் இதெல்லாம் கிடையாது. கௌரவ விரிவுரையாளராக வந்த புதிதில் அவளும் எல்லாரையும்போல் கரும்பலகையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப்போட்டவள்தான். பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே பேசும்போது கேட்கவேண்டும், ஒருத்தி பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னால் கண்டக்டர் குரல் வேறு, கிழவி குரல் வேறு, கோழி குரல்கூட வேறு, அப்படிச் சொல்வார்கள், அதே பிள்ளை தாளை எடுத்தால் 'மனித வாழ்வில் பயணம் இன்றியமையாதது' என்று ஆரம்பித்து அங்கேயே செத்துவிடும். ஏன், நடுவில் என்ன ஆகிறது, வாய்க்கும் கைக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருநாள் கோபத்தில், எல்லாரும் போன எடுங்கடி, எடுங்கப்பா, என்றாள், தமிழ் வகுப்பில் போனா என்று பிள்ளைகளே திகைத்தார்கள். பேசுங்க, எங்கிட்ட வேணாம், உங்க போன்கிட்டப் பேசுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு எடத்தப் பத்தி அஞ்சு நிமிஷம், ரெக்கார்டு பண்ணுங்க, அப்புறம் அதைக் கேட்டு அப்படியே டைப் பண்ணுங்க, அழகு பண்ணாதீங்க. பாண்டியன் என்ற பையன் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, மேடம் இது நானா, இப்படியா பேசறேன் என்று சிரித்து, சிரிப்பு நின்றதும் எழுத ஆரம்பித்தான், அன்றைக்கு முதல் முறையாக அவன் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பிறகு பகிர்ந்துகொள்ளும் டாக்குமெண்ட் வந்தது, அவர்கள் எழுத எழுத அவள் வடக்கனந்தல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓரத்தில் குறிப்புப் போடுவது வந்தது, மாணவர் எழுதுவது பச்சையில், அவள் எழுதுவது ஊதாவில். சக ஆசிரியர்கள் போன் மேடம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள், வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். கரும்பு வெட்டப் போகிற அம்மாவிடம் தன் தொழிலை விளக்கிச் சொல்ல முடிந்ததே இல்லை, "எழுதக் கத்துக் குடுக்கறியா, அத ஒண்ணாங்கிளாஸ்லியே கத்துக்கினு வந்திருப்பாங்களேடி" என்று அம்மா கேட்டாள், அதற்கு என்ன பதில் சொல்வது, இல்லம்மா, அப்போ எழுத்து கத்துக்கினாங்க, எழுத இப்பதான்...

வளையம் நின்றது. வலப்பக்கம் தேதிகள் வரிசையாக இறங்கின, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், அப்பாடா, எத்தனை தேதி, இத்தனை தேதியில் எழுதினவளை இயந்திரம் என்று சொல்ல முடியுமா. பாரதி திரையை அவர் பக்கம் திருப்பினாள், "மொதல்ல இருந்து பாக்கலாம் ஐயா" என்று அடியிலிருந்த முதல் தேதியை அழுத்தினாள். ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை, காலை 7:52. வெள்ளைப் பக்கம். அடுத்த நொடி, அதே 7:52, பக்கம் முழுக்கப் பச்சை, மேலிருந்து கீழ்வரை, ஒரே அடியில் அறுநூறு சொல்லுக்குக் குறையாமல், ஏதோ வாளியில் மொண்டு ஊற்றியதுபோல். சுப்புராயன் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். "இன்னாம்மா இது" என்றார், வகுப்பில் ஒருநாளும் இன்னா என்று சொல்லாதவர், "ஒரே நிமிஷத்துல அறுநூறு வார்த்தயா? இது எழுதனதா, எங்கயோ இருந்து எடுத்தாந்து ஒட்டனதா?" பாரதி மணியை மறுபடியும் பார்த்தாள், 7:52தான். ஒட்டினதா... தனுஷாவா... அந்த நெளிவு மறுபடியும் தலையைத் தூக்கியது, பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்றது. அப்படியானால் இந்த இரண்டு மாதம், அருமை அருமை என்று ஓரத்தில் போட்ட ஊதாக் குறிப்புகள், ஊரெல்லாம் என் மாணவி என் மாணவி என்று சொல்லிக்கொண்டது, எல்லாம் யாருக்கு, எதற்கு, ஒரு மென்பொருளுக்கா அருமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்? கையிலிருந்த கைக்குட்டை நனைந்திருந்தது. திரையை மூடிவிடலாம், நெட் போய்விட்டது ஐயா என்று ஒரு சொல், பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்... இல்லை, திறந்தவள் நான், நானே மூடினால் அந்தப் பெண் ஆயுசுக்கும் திருடியாகிவிடுவாள். "ஐயா, அவளயே கூப்ட்டுக் கேட்டுடலாம்" என்றாள், தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

தனுஷா வந்து நின்றாள், பையைக் கீழே வைக்கவில்லை. சின்ன உருவம், மலைக்காரப் பெண், கல்வராயன் மலையில் உள்ளடங்கிய ஒரு ஊர், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள், சனி ஞாயிறில் வீட்டுக்குப் போவாள், மற்ற நாள் இங்கே விடுதி. சுப்புராயன் ஐயா திரையைக் காட்டி, "ஏம்மா, இது எப்படிம்மா ஒரே நிமிஷத்துல வந்துச்சு?" என்று கேட்டார். அவள் குனிந்து தேதியைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள், பயப்படாமல், ஏதோ வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்: "அது பஸ்ஸு சார். எங்க ஊர்ல சிக்னல் இல்ல சார். சனி ஞாயிறு வூட்ல ஒக்காந்து போன்லியே எழுதி வச்சிக்கினு இருந்தேன், திங்கக்கெழம காலைல பஸ்ஸு மலைய வுட்டு எறங்கும்போதுதான் சிக்னல் கெடைக்கும், அப்போ எல்லாம் ஒண்ணா ஏறிடும்." ஏறிடும்... பாரதிக்கு மூச்சு திரும்ப வந்தது. ஆமாம், நெட் இல்லாத இடத்தில் எழுதினால் போன் அதை மடியில் கட்டி வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும், இது தனக்குத் தெரியாதா, வகுப்பில் தானே சொல்லிக்கொடுத்தது அல்லவா, ஊர்ல நெட் இல்லன்னு சாக்கு சொல்லாதீங்க, ஆஃப்லைன்ல எழுதுங்கன்னு, சொன்னவளுக்கே சமயத்தில் மறந்துபோயிற்றே. ஆனால் சுப்புராயன் ஐயாவின் புருவம் இறங்கவில்லை. "சரிம்மா, நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும். அவங்க கேட்டா நான் இன்னா காட்றது? ரெக்கார்டு பண்ணச் சொல்வாங்களே உங்க மேடம், அந்த ரெக்கார்டு இருக்குதா?" தனுஷா இல்லையென்று தலையாட்டினாள். "போன்ல எடம் இல்ல சார், அழிச்சிட்டேன்." எப்போதுமா இப்படி, சாட்சி இருக்கவேண்டிய இடத்தில் இவர்களுக்கு மட்டும் இடம் இல்லாமல் போகிறது...

அப்போதுதான் பாரதி அந்தப் பச்சைப் பக்கத்தை உண்மையாகவே படிக்கத் தொடங்கினாள், இத்தனை நேரம் நிறத்தைப் பார்த்தாளே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரியில் அவள் கண் நின்றது, உதடு தானாக விரிந்தது. "ஐயா, இதப் படிங்க, சத்தமா படிங்க" என்றாள். அவர் படித்தார், செய்யுள் படித்துப் பழகிய கணீர்க் குரல், "அரிசி போடறவர் மெஷின எடுத்து கிணறு பாறைக்குப் போவாரு, நாங்களும் பின்னாடியே நடந்து கிணறு போவோம், எங்கம்மா பாறை மேல ஏறி கிணறு நிக்கும்..." நிறுத்தினார். "பாறை மேல இன்னாம்மா கிணறு?" தனுஷா தலையைக் குனிந்துகொண்டாள், அவள் தோள் குலுங்கியது, ஐயோ அழுகிறாளா என்று பாரதி பார்த்தால், சிரிக்கிறாள், அடக்க முடியாமல். "அது ஏறிக்கினு சார். ஏறிக்கினுன்னு அடிச்சா அந்தக் கீபோர்டு கிணறுன்னு மாத்திடும் சார், நான் கவனிக்கல." சுப்புராயன் ஐயா நடந்துக்கினு, எடுத்துக்கினு, ஏறிக்கினு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார், எலவனாசூர்கோட்டைக்காரர், அவர் வீட்டிலும் இதே கினுதானே, முப்பது வருடமாக இரண்டாயிரம் வருடத்துத் தமிழைப் பாடம் சொல்லி அந்தக் கினுவை உள்ளே தள்ளிப் பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். பாரதி முந்திக்கொண்டாள், "ஐயா, மெஷின் எழுதியிருந்தா மொதல் தடவயே சுத்தமா எழுதியிருக்கும். இந்தப் பக்கத்துல மட்டும் முப்பது கிணறு இருக்குது. இதுல எதை ஒட்ட முடியும், எங்கிருந்து எடுத்து ஒட்ட முடியும்?" அதற்குப் பிறகு தேதி தேதியாகப் போனார்கள், ஆகஸ்ட் இருபது, விடுதியிலிருந்து, முப்பதில் பதினெட்டுக் கிணறு ஒவ்வொன்றாகத் தூர்ந்தது, இருபத்தொன்று, 'அழகிய பாறை' என்பதில் அழகிய அடிக்கப்பட்டு 'வழுக்குப் பாறை' ஆயிற்று, பிறகு அதுவும் போய் வெறும் 'பாறை' ஆயிற்று, இருபத்தாறு, முழுசாக இரண்டு பத்தி கோடு போட்டு அடிபட்டுக் கிடந்தது, அடுத்த வாரம் அதில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் உயிர் பிழைத்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு சொல்லுக்கு நான்கு மாற்று, ஒரு காற்புள்ளியை வைத்து எடுத்து வைத்து... எழுதுவது என்றால் இதுதான், இதைத்தானே மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அச்சில் வந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிற அந்தப் பாடு இங்கே பச்சையும் கோடுமாகக் கண்முன்னால் கிடக்கிறதே.

கடைசித் தேதிக்கு வந்தார்கள், போட்டிக்கு அனுப்பிய வடிவம். சுப்புராயன் ஐயா இப்போது சோதிக்கிறவராக இல்லை, வெறுமனே படிக்கிறவராக இருந்தார். மலையில் ரேஷன் கடை, கைரேகை வைத்தால்தான் அரிசி, மெஷினுக்கு சிக்னல் வேண்டும், சிக்னல் கிடைக்கிற இடம் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் மட்டும், அதனால் மாதத்தில் ஒருநாள் ஊரே பாறைக்கு ஏறிப்போய் வரிசையில் நின்று கட்டைவிரலை நீட்டுகிறது. தனுஷாவின் அம்மா ஜெயம்மாளுக்குப் புளி உடைத்து உடைத்து விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, தலைமுடியில் விரலைத் தேய்த்து அந்த எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்துப் பார்க்கிறாள், மெஷின் இல்லை என்கிறது, ஐந்து தடவை, ஆறு தடவை. அந்த இடத்தை அவர் குரலைத் தாழ்த்திப் படித்தார்: "'எங்கையி எங்கையி இல்லியாம்டி' என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. 'அப்ப நேத்து பூரா புளி ஒடச்சது யாருடி? அவளக் கூப்பிடு, அவ வந்து அரிசி வாங்கட்டும்' என்றாள். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், மெஷினைப் பிடித்திருந்தவரும் சிரித்தார். ஏழாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. அம்மா விரலை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள், 'வந்துட்டாடி.'" அவர் நிறுத்திவிட்டார். சன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. வந்துட்டாடி, என்று அவர் இன்னொரு தடவை, படிப்பதற்காக இல்லாமல், சும்மா சொன்னார், கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "இத ஒரு மெஷின் எழுதும்னு சொன்னா, எந்த மெஷினும்மா அந்தப் பாறைக்கு ஏறிப் போச்சு?" என்றார். பிறகு பேனாவை எடுத்தார், விளக்கக் கடிதத்தை அவரே எழுதினார், அறுபத்தேழு நாள் திருத்தங்களின் முழு வரலாற்றையும் இத்துடன் இணைத்துள்ளோம், தாங்களும் ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பார்க்கும்படி அன்புடன் வேண்டுகிறோம், அந்த அன்புடன் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியது. பதினொன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு அடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது, இரண்டே வரி, கட்டுரை போட்டியில் தொடர்கிறது என்று.

"எல்லா வகுப்புக்கும் இந்த மாதிரியே வைங்கம்மா, முதலாமாண்டுக்கும்" என்றார் சுப்புராயன் ஐயா, "நான்கூட ஒண்ணு தொறக்கணும், எப்படின்னு காட்டுங்க, நம்ம பழைய கட்டுரைங்கள்ல எல்லாம் எம்மாங் கிணறு இருக்குதோ." பாரதிக்கு உடம்பு லேசாகிவிட்டது, நாற்காலி தன்னைத் தாங்குகிறதா தான் நாற்காலியைத் தாங்குகிறோமா என்றே தெரியவில்லை, போன் மேடம், ஆமாம் போன் மேடம்தான், இன்றைக்கு அந்தப் போன்தான் ஒரு பெண்ணுக்குச் சாட்சி சொன்னது, இதை அம்மாவிடம் சொல்லவேண்டும், அம்மாவுக்குப் புரியும், வந்துட்டாடி என்று சொன்னால் போதும், முழுசும் புரிந்துவிடும், அவள் கையிலும்தான் ரேகை எங்கே இருக்கிறது. நம் பிள்ளை, நம் வகுப்பு, நாம் போட்ட விதை என்று மனசு தாளம் போட்டது, போடட்டுமே, ஒருநாளாவது போடக்கூடாதா? அவர் பிரின்சிபாலிடம் சொல்லப் போய்விட்டார், தனுஷா தண்ணீர் குடிக்கப் போனாள். பாரதி இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடலாம் என்று அந்தப் பத்தியை மட்டும் தேடிப் போனாள், அது முதன்முதலில் எந்தத் தேதியில் பிறந்தது என்று பார்க்கும் ஆசை, பிறந்தநாள் குறித்து வைத்துக்கொள்வதுபோல். செப்டம்பர் இரண்டு, காலை 7:50, பஸ். அன்றைக்கே முழுசாக இருந்தது, கிணறுகளோடு. எப்பேர்ப்பட்டவள்... அடுத்தது செப்டம்பர் ஒன்பது, மாலை 6:11, ஓரத்தில் ஊதா. தன் நிறம். தன் கை.

'அம்மா சிரிப்பது இந்த இடத்தில் பொருந்தவில்லை. படிப்பவரின் இரக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. இந்தப் பத்தியை எடுத்துவிடு, மெஷின் மறுத்ததோடு முடித்தால் உருக்கமாக இருக்கும்.' பாரதி இரண்டு தடவை படித்தாள், வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல். நானா... நானா இதை எழுதினேன், எப்போது, அன்றைக்கு எத்தனை டாக்குமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ அவசரத்தில், அடுப்பில் பால் இருந்ததோ என்னவோ... 6:15, நான்கே நிமிடத்தில், அந்தப் பத்தியின்மேல் கோடு விழுந்திருந்தது, ஏன் என்று ஒரு கேள்விகூட இல்லை, சொன்னபடி எடுத்துவிட்டாள். செப்டம்பர் இருபத்து மூன்று, காலை 7:49, பஸ், பத்தி மறுபடியும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது, ஓர் எழுத்துக் குறையாமல். செப்டம்பர் இருபத்தைந்து, ஊதா: 'அருமை தனுஷா! இதைத்தான் உன்னிடம் எதிர்பார்த்தேன்.' வெட்கத்தில் பாரதி தனியாக இருந்த அந்த அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். இதைத்தான் எதிர்பார்த்தாளாம்! எடுத்து எறியச் சொன்னவளே இரண்டு வாரம் கழித்து அதையே கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள், எடுத்தது தெரியவில்லை, வந்தது தெரியவில்லை, நடுவில் ஒரு பெண் தன் அம்மாவின் சிரிப்பைச் சத்தமில்லாமல் பஸ்ஸில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள்.

வராந்தாவில் தனுஷா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "தனுஷா, அந்த சிரிக்கற எடம், நான் எடுக்கச் சொன்னேனே, எடுத்துட்டு மறுபடி வச்சியே, ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று பாரதி கேட்டாள், கேட்கும்போது குரலில் தப்பு கண்டுபிடித்த தொனி வந்துவிடக்கூடாதே என்று பயமாக இருந்தது. தனுஷா நெளிந்தாள், கால் பெருவிரலால் செருப்பை அழுத்தினாள். "நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு எடுத்துட்டேன் மேடம். அப்புறம் ஊருக்குப் போனப்போ எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்னேன். நான் எங்கடி சிரிச்சேன், அத எழுதலியான்னு கேட்டுச்சு. அதான்..." என்று இழுத்து, "கோச்சிக்குவீங்களோன்னு நெனச்சேன், நீங்க அருமைன்னு போட்டுட்டீங்க, சரி மேடமுக்கும் புடிச்சிட்ச்சுன்னு வுட்டுட்டேன்" என்றாள். பாரதி அவள் தோளைத் தொட்டாள், நல்லது பண்ணின, ரொம்ப நல்லது பண்ணின, என்றாள். பெருமையாகத்தான் இருந்தது, முன்பைவிட இன்னும் கூடுதலாகவே இருந்தது, தன் பேச்சைக் கேட்ட மாணவியைவிடத் தன் பேச்சைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிய மாணவி எவ்வளவோ உயரம் அல்லவா, அப்படி ஒருத்தி தன் வகுப்பிலிருந்து வந்திருக்கிறாளே, போதாதா... தனுஷா படியிறங்கிப் போனாள். மணி அடித்தது. இரண்டாமாண்டு பிள்ளைகள் காத்திருப்பார்கள். பாரதி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள், பாதித் தூரத்தில் நடை மெதுவாயிற்று. எல்லார் வீட்டிலும் நான் எங்கடி சிரிச்சேன் என்று கேட்கிற ஆள் இருக்குமா? பாண்டியன்... போன வருடம் அவன் அப்பாவைப் பற்றி எழுதினதில் ஏதோ நீளமாக இருக்கிறது என்று... என்ன அது, எந்தப் பத்தி, எதை எடுக்கச் சொன்னேன், அவனும் நான்கே நிமிடத்தில் எடுத்திருப்பான், நல்ல பையன், சொன்னால் கேட்பான், எல்லாரும் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான்... மூன்று வருடத்துப் பிள்ளைகள், எல்லாருடைய டாக்குமெண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கும், ஊதா நிறத்தைத் தேடிக்கொண்டு போனால், அதன் பக்கத்தில் கோடு விழுந்து கிடப்பதையெல்லாம்... வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள், உள்ளே நாற்காலிகள் இழுபடும் ஓசை, வணக்கம் மேடம் என்ற குரல்கள், அவள் எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி சிறிது நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.